பன்னீர் திராட்சையின் இத்தாலி சொந்தம்

மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்ல, இல்லைன்னா தெருமுனைத் தள்ளுவண்டியில நாம வாங்குற கொட்டை வச்ச கறுப்பு பன்னீர் திராட்சை இருக்கே, அதுக்கு இத்தாலியில ஒரு சொந்தம் இருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

பன்னீர் திராட்சைக்கு உலகம் வச்சிருக்கிற பேர் மஸ்கட் ஹாம்பர்க். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒட்டு ரகம். மரபணுச் சோதனைப்படி இதோட பெற்றோர் ரெண்டு பேர். ஒண்ணு, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. வாசனை அந்தப் பக்கத்து சீதனம். ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் மஸ்கட் திராட்சையிலும் உண்டு. பன்னீர்ங்கிற பேர் எவ்வளவு பொருத்தம் பாருங்க! இன்னொண்ணு, ஸ்கியாவா க்ரோஸா. வட இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிற ஆல்டோ அடிஜே பகுதியின் பழைய கறுப்புத் திராட்சை.

இந்த ரெண்டு ஊரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்கே ஆல்ப்ஸ், இங்கே மேற்குத் தொடர்ச்சி மலை. நடுவில் பள்ளத்தாக்கு. ஸ்கியாவாவைப் பாரம்பரியமா பெர்கோலாவில்தான் ஏத்துவாங்க. பெர்கோலான்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம பந்தல்தான். சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் போனா அதே மாதிரி தலைக்கு மேல கொத்துக்கொத்தா தொங்கும். அந்தப் பள்ளத்தாக்கு வழியா வர்ற முல்லைப்பெரியாறு தண்ணிதான் வைகை அணைக்கும் வருது. ஆக, கம்பத்துத் திராட்சையும் மதுரையும் குடிக்கிறது ஒரே தண்ணி.

வித்தியாசம் எங்கே ஆரம்பிக்குதுன்னா, குளிர்காலத்தில். அங்கே கொடி குளிரில் தூங்கும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் கொடியைத் தூங்கவிடுற குளிர் கிடையாது. கவாத்து பண்ணினா மறுபடி துளிர்க்கும், சுமார் நாலு மாசத்தில் பழம். ரெண்டு வருஷத்தில் அஞ்சு அறுவடை வரைக்கும் எடுக்கலாம். கேட்க லாபமாத் தெரியும். ஆனா இந்தப் பழத்துக்குத் தோல் மெல்லிசு. அறுவடை நேரத்தில் மழை பெஞ்சா வெடிச்சிடும். பறிச்சாலும் ரொம்ப நாள் தாங்காது. அன்னைக்கு வியாபாரி சொல்றதுதான் விலை.

இத்தாலிக்காரங்களுக்கும் இந்தப் பிரச்சினை வராம இல்லை. ஸ்கியாவா ஒயின் ஒரு காலத்தில் மலிவு விலை ஒயினா பேர் கெட்டுப்போய், நிறைய விவசாயிகள் கொடியையே பிடுங்கிட்டாங்க. மிச்சம் வச்சவங்க விளைச்சலைக் குறைச்சு, பழைய கொடிகளைக் காப்பாத்தி, தரத்தை ஏத்தினாங்க. போல்சானோ பக்கத்து சான்டா மட்டலேனா ஒயினுக்கு இன்னைக்கு மரியாதை இருக்கு. முக்கியமான விஷயம், அந்தப் பகுதி ஒயினில் பெரும்பங்கு விவசாயிகளே நடத்துற கூட்டுறவு ஆலைகளில் தயாராகுது. பழம் விக்கலைன்னா அழுகுமேங்கிற பயம் அங்கே குறைவு.

நம்ம பக்கம் 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. பள்ளத்தாக்கிலேயே ஒயின் ஆலையும் இருக்கு. ஆனா தமிழ்நாட்டில் 2003லிருந்து மதுபானச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். தோட்டத்துக்காரர் தானே ஒயின் போட்டு, வாசல்ல வர்றவங்களுக்கு விக்க முடியாது. மகாராஷ்டிரா 2001லேயே திராட்சை பதப்படுத்தலுக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்துச்சு. நாசிக் ஒயின் ஊரா வளர்ந்ததுக்கு அது ஒரு பெரிய காரணம்.

எல்லாரும் ஒயின் குடிங்கன்னு நான் சொல்ல வரலை. ஜூஸ், ஜாம், உலர் திராட்சைன்னு வேற வழிகளும் இருக்கு. என் கருத்து இதுதான்: குறியீடு பழத்துக்குப் பேர் வாங்கித் தரும், விலையைப் பிடிச்சு நிறுத்தாது. அழுகுறதுக்கு முன்னாடி பழத்தை வேற பொருளா மாத்துற ஆலை, விவசாயி கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கணும். ஆல்டோ அடிஜேகிட்ட நாம கத்துக்க வேண்டியது அதைத்தான்.

உங்க வீட்டுப் பக்கம் பன்னீர் திராட்சை கிலோ என்ன விலைன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.