ஆவியை அடக்கும் வாள்!

செத்தவர் மடியில் வாள் எதற்கு? சண்டைக்கு அல்ல, ஆவியை அடக்கி வைக்க!

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 1996-ல் தொடங்கிய மாயக்கதை வரிசையில் இப்படி ஒரு வழக்கம் வருகிறது.

பனி கொட்டும் வடநாடு. அதை ஆள்வது ஸ்டார்க் வம்சம். விண்டர்பெல் என்ற அவர்கள் கோட்டைக்கு அடியில் இருண்ட நிலவறை. முன்னோர் அங்கேதான் அடக்கம். பிரபுவாக இருந்தவருக்குக் கற்சிலை. காலடியில் கல் ஓநாய். மடியில் நிஜ இரும்பு வாள். வாள் இருக்கும்வரை ஆவி வெளியே வராதாம்!

இரும்பு துருப்பிடிக்குமே? பழைய வாள்கள் உதிர்ந்து, சிவப்புக் கறைதான் மிச்சம். அந்த ஆவிகள் எங்கே? கோட்டைத் தலைவர் நெட் ஸ்டார்க்குக்கே அந்தச் சந்தேகம்.

1998-ல் வந்த இரண்டாம் நாவலில், தியான் என்பவன் கோட்டையைப் பிடிக்கிறான். நெட்டின் மகன்கள் பிரானும் ரிக்கானும் நிலவறையில் ஒளிகிறார்கள். பிரான் நடக்க முடியாத சிறுவன். தப்ப வேண்டும், ஆயுதம் வேண்டும். ஆவிக்குப் பயந்தால் ஆகுமா? சிலைகளின் வாள்களையே எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

2011-ல் வந்த ஐந்தாம் நாவலில் அதே தியான் நிலவறைக்குள் இறங்குகிறான். சில சிலைகளின் மடியில் வாளைக் காணோம். எடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. நடுங்குகிறான்!