படம் கண்டபின் உரையாடல்

கலைகள் பலவற்றுள்ளும் கண்டாரைப் பேசத் தூண்டும் ஆற்றல் திரைப்படக் கலைக்குப் பெரிதும் உண்டு. நூலொன்றைக் கற்றவன் அதனைத் தன்னுள்ளே எண்ணி அமைதலும் கூடும். படம் கண்டவனோ, கொட்டகையின் வாயிலைக் கடக்குமுன்னரே உடன்வந்தாரை நோக்கி, "எப்படி இருந்தது?" என வினவுகின்றான். அவ்வினாவுக்கு நம்முட் பெரும்பாலார் விடுக்கும் விடை "நன்று" என்பது. அன்றேல் "நன்றன்று" என்பது. இருவர் விடையும் ஒன்றாயின் பேச்சு அவ்வளவில் முடிகின்றது. வேறாயின் பூசலாக மாறுகின்றது. இவ்விரண்டுமின்றி, கண்டார் யாவர்க்கும் பயன்படுமாறு படத்தைப் பற்றி உரையாடுதல் எங்ஙனம் என்பதையும், அதனால் விளையும் நலன் யாது என்பதையும் இக்கட்டுரைக்கண் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இஃது ஆராய்ச்சிக்குரிய பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். படம் பார்த்தல் பொழுதைக் கழித்தலாயின், பார்த்ததைப் பேசுதல் கழித்த பொழுதை மீண்டுங் கழித்தலாம் என்பது அவர் கொள்கை. அவர்க்குரிய விடை வரலாற்றில் உளது. 1925-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் 'பிலிம் சொசைட்டி' என்னும் கழகம் ஒன்று தோன்றிற்று. பெர்னார்டு ஷா, எச். ஜி. வெல்ஸ் ஆகிய எழுத்தாளர் இருவரும் அதன் தொடக்க உறுப்பினருட் சேர்ந்தவர். பொதுக் கொட்டகைகளிற் காண்டற்கரிய பிறநாட்டுப் படங்களை உறுப்பினர் கூடிக் காண்பதே அக்கழகத்தின் நோக்கம். ருஷிய நாட்டு ஐசன்ஸ்டீன் 1925-இல் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' என்னும் படம் இங்கிலாந்தில் பொதுமக்கட்குக் காட்டலாகாதெனத் தடுக்கப்பட்டிருந்தது. அதனை 1929-இல் இக்கழகத்தார் தம் உறுப்பினர்க்குத் திரையிட்டனர். கழகம் 1939 வரை நடைபெற்றது.

அத்தகைய முயற்சி நம் நாட்டிலும் வேரூன்றிற்று. 1947-இல் கல்கத்தாவில் சத்தியஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர் சிலர் கூடித் திரைப்படக் கழகம் ஒன்றை நிறுவினர். அவர்கள் முதலிற் கண்ட படமும் மேற்கூறிய 'பொட்டெம்கின்' என்பதேயாம். அந்நாளில் ராய் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றினார். படம் எதனையும் இயக்கியவர் அல்லர். படம் பார்த்தார், நண்பரோடு பேசினார், இந்தியப் படங்களிற் காணும் குறை யாதென ஆராய்ந்து 1948-இல் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதினார். 1949-இல் பிரான்சு நாட்டு இயக்குநர் ழான் ரெனுவார் தம் படத்திற்கு இடந்தேடி வங்கம் வந்தபொழுது அவரோடு உரையாடினார். 1950-இல் இலண்டன் சென்றிருந்த சில திங்களில் ஏறத்தாழ நூறு படங்களைக் கண்டார். 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. உரையாடல் முன்னர் நிகழ, படம் பின்னரே பிறந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் தகும். கல்கத்தா, சென்னை முதலிய நகரங்களின் கழகங்கள் 1959-இல் ஒரு கூட்டமைப்பாக இணைந்தபொழுது ராயே அதன் தலைவரானார். கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் 1965-இல் நிறுவிய 'சித்ரலேகா' கழகத்தின் வழியே, 1972-இல் 'சுயம்வரம்' என்னும் படம் உருப்பெற்றது. ஆகலின், கண்ட படத்தைப் பற்றிப் பேசுதல் வீண் பேச்சு எனத் தள்ளற்பாலதன்று.

எனினும் எல்லாப் பேச்சும் இப்பயனைத் தருவதில்லை. பயன்தரும் பேச்சின் இயல்பை அறிதற்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதின்று. தமிழ் பயில்வார்க்கு அது கையகத்தே உளது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டெனக் கொண்டார். அவ்வளவில் அமையாது, ஒவ்வொன்றற்கும் அது பிறக்குமிடம் நான்கு வகுத்தார். அழுகை என ஒன்று உண்டென்று கூறுதல் எளிது. அஃது எதனாற் பிறந்தது எனக் கேட்பதே ஆராய்ச்சி. அழுகை பிறக்கும் இடங்களுள் வறுமையையும் ஒன்றாக அவர் வைத்தனர். படம் கண்டு வருவார், "அழுதேன்" என்பதோடு நில்லாமல், "இவ்விடத்தில் அழுதேன், இதனால் அழுதேன்" என்று கூறுவாராயின், அவர் கூறியது வெறும் தீர்ப்பாகாது கருத்தாகும். தீர்ப்பைக் கேட்டவர் உடன்படலாம், அன்றி மறுக்கலாம், வேறு செய்தற்கில்லை. கருத்தைக் கேட்டவரோ, அவ்விடத்தைத் தாமும் நினைவுகூர்ந்து, தாம் கண்டதை அதனோடு சேர்க்க இயலும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். இத்தாலி நாட்டு டி சீக்கா 1948-இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்னும் படத்தில், தொழிலுக்கு இன்றியமையாத சைக்கிளைப் பறிகொடுத்த ஏழையொருவன் தன் சிறு மகனோடு உரோமை நகரெங்கும் அதனைத் தேடி அலைகின்றான். அலைச்சலின் நடுவே, மகனைக் கைந்நீட்டி அடித்துவிட்ட வருத்தம் தீர, அவனை ஓர் உணவகத்திற்கு அழைத்துச் செல்கின்றான். அடுத்த மேசையிற் செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவன் உண்கின்றான். ஏழைச் சிறுவன் தன் உணவை உண்டுகொண்டே அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்கின்றான். தந்தையோ, வேலை நிலைத்திருந்தால் திங்கள்தோறும் எவ்வளவு வருவாய் வந்திருக்கும் எனக் கணக்கிடுகின்றான்.

இப்படம் கண்ட நண்பர் இருவருள் ஒருவர், "இது வறுமையின் கொடுமையைக் காட்டும் படம்" என்கின்றார் எனக் கொள்வோம். மற்றவர், "அன்று, தந்தை மகன் அன்பைக் காட்டும் படம்" என்கின்றார். இவ்வளவில் நின்றால் இருவரும் இரவெல்லாம் வழக்காடலாம், முடிவு காணார். முன்னவர் அடுத்த மேசையை நோக்கிய சிறுவனின் பார்வையைச் சுட்டுகின்றார். பின்னவர், அச்சிறுவனை மகிழ்விக்கத் தந்தை வாங்கித் தந்த உணவைச் சுட்டுகின்றார். அப்பொழுது இருவர்க்கும் ஓருண்மை புலனாகின்றது: அன்பின் மிகுதியால் அழைத்துச் சென்ற அவ்விடத்தேதான் வறுமை சிறுவன் கண்ணுக்கு மிகத் தெளிவாகப் புலப்பட்டது. இவ்வுண்மை அவ்விருவருள் ஒருவரும் தனித்துக் கொண்டுவந்ததன்று, உரையாடலில் விளைந்தது. நண்பரோடு படத்தைப் பற்றிப் பேசுவதன் பெரும்பயன் இதுவே என யாம் துணிகின்றோம்.

நம் உரையாசிரியர்களின் வழக்கமும் இதற்கு அரணாக நிற்கின்றது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர், தமக்கு முற்பட்ட இளம்பூரணரோடு பல இடங்களில் மாறுபடுகின்றார். மாறுபடுமிடத்தும் அவரை 'உரையாசிரியர்' என்னும் சிறப்புப் பெயராற் சுட்டுகின்றார்; தாம் மறுப்பதற்குக் காரணமும் காட்டுகின்றார். மறுக்கப்பட்ட உரையும் அழிந்தொழியவில்லை. இரண்டும் இன்றும் நம் மேசைமேல் உள்ளன. திரைப்படத்திற்கு உரை கூறும் நாமும் இந்நெறியை மேற்கொள்ளல் அரிதன்று.

இனி, கருத்துரைப்பார் காக்கவேண்டிய வரையறைகள் சில உள. முதலாவது, படம் செய்ய முயன்றது யாது என்பதை உணர்ந்து அதனை மதிப்பிடல். 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனத்தார் 'அந்த நாள்' என்னும் படத்தை வெளியிட்டனர். 1943-இல் சென்னையிற் குண்டு விழுந்த காலத்தில் நிகழும் ஒரு கொலையை, ஐயத்திற்குரியார் ஒவ்வொருவரும் தத்தம் நோக்கிற் கூறுவதாக அமைந்தது அப்படம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1950-இல் எடுத்த 'ரஷோமோன்' அதற்குத் தூண்டுகோலாயிற்று. பாட்டும் நடனமும் அப்படத்தில் அறவே இல்லை. பாட்டுக்கள் நிறைந்த படங்களையே கண்டு பழகிய அக்காலத்தில் அது வசூலில் வெற்றி பெறவில்லை. இன்றோ தமிழ்ப்படங்களுள் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பாட்டில்லை என்பது உண்மை. ஆயின் அது குறையாமோ? பாட்டை நாடிச் சென்றவர்க்குக் குறை. கொலையின் மறையை அவிழ்க்கும் கதையை நாடினார்க்கு அதுவே செறிவு. தாம் வேண்டியதைப் படம் தரவில்லை என்பதையும், படம் தரப் புகுந்ததையே தரவில்லை என்பதையும் வேறு வேறாகக் கூறுதல் நேர்மை.

இரண்டாவது, இன்னும் காணாதார் உவகையைக் கெடாமை. மேற்கூறிய படத்திற் கொலை செய்தார் யாவர் என்பதை யாம் ஈண்டுக் கூறாமைக்கும் காரணம் அதுவே.

மூன்றாவது, நடிகர்பாற் கொண்ட பற்றைப் படத்தின் மதிப்பாகக் கருதாமை. தியாகராஜ பாகவதரா, சின்னப்பாவா என ஒரு தலைமுறையும், எம்.ஜி.ஆரா, சிவாஜியா என அடுத்த தலைமுறையும் கட்சி பிரிந்து வழக்காடின. பற்றுக் குற்றமன்று, பற்றே பலரைக் கொட்டகைக்கு அழைத்து வருகின்றது. ஆயின், ஒருவர் நடித்தார் என்பதற்காகவே ஒரு படத்தைப் புகழ்வார், அந்நடிகர் உண்மையிற் சிறந்து விளங்கிய இடத்தையும் காட்ட வல்லராகார். எல்லாவற்றையும் புகழ்ந்தவர் எதனையும் புகழ்ந்தவராகார்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. விடுதி முற்றத்தில் நம் தோழர் பதின்மர் கூடி ஒரு படத்தைப் புகழும்பொழுது, பதினோராமவர்க்கு அது பிடியாதாயின், அவர் வாளா இருந்துவிடுகின்றார். பலர் இகழும் படத்தைத் தாம் விரும்பியதாகக் கூறவும் நாணுகின்றார். இம்மௌனத்தாற் கூட்டமே இழப்படைகின்றது. முன்னர்க் குறித்த ழான் ரெனுவார் 1939-இல் 'ஆட்டத்தின் விதி' என்னும் படத்தைப் பாரிசில் வெளியிட்டபொழுது, கண்டோர் பலர் கூச்சலிட்டு இகழ்ந்தனர். அவர் அதனை வெட்டிக் குறைத்தார். குறைத்தும் பயனின்றி, அவ்வாண்டிலேயே அரசாங்கம் அதனைத் தடை செய்தது. போரில் அதன் மூலச்சுருளும் அழிந்தது. திரைப்பட அன்பர் இருவர் எஞ்சிய சுருள்களைத் தேடித் தொகுத்து, ரெனுவாரின் இசைவோடு 1959-இல் அதற்கு மறுவாழ்வு அளித்தனர். 'சைட் அண்டு சவுண்டு' என்னும் ஆங்கில இதழ் பத்தாண்டுக்கொருமுறை திறனாய்வாளர் கருத்தைத் திரட்டி வெளியிடும் சிறந்த படங்களின் வரிசையில், 1962-இல் அது மூன்றாமிடம் பெற்றது. கூச்சலிட்டார் பலர், மீட்டார் இருவர். அவ்விருவரும் பலர் கருத்துக்கு அஞ்சித் தம் கருத்தை அடக்கியிருப்பின், அப்படத்தை இன்று நாம் முழுமையாகக் காண்டல் அரிதாயிருக்கும்.

திறனாய்வாளரின் அவ்வரிசையும் நிலைத்ததன்று. 1952-இல் 'சைக்கிள் திருடர்கள்' முதலிடம் பெற்றது. அவ்வாண்டு முதற் பத்தினுள் இடம்பெறாத 'சிட்டிசன் கேன்' 1962 முதல் 2002 வரை முதலிடத்தில் நின்றது. 2012-இல் 'வெர்டிகோ'வும், 2022-இல் பெல்ஜிய நாட்டுப் பெண் இயக்குநர் ஷான்டால் ஆக்கர்மான் 1975-இல் எடுத்த 'ழான் டீல்மன்' என்னும் படமும் அவ்விடத்தைப் பெற்றன. படங்கள் மாறவில்லை, பார்த்தோர் மாறினர், பேசினோர் பெருகினர். கற்றறிந்த திறனாய்வாளர் கருத்தே இங்ஙனம் மாறுமாயின், நேற்றுக் கண்ட படத்தைப் பற்றி நாம் கூறும் சொல்லே முடிந்த முடிபு என வாதிடுதல் தகுமோ?

ஆதலின், நண்பர்காள்! அடுத்த முறை படம் கண்டு மீளும்பொழுது "எப்படி இருந்தது?" என்னும் வினாவோடு, "எவ்விடம் உம் உள்ளத்தில் நின்றது?" என்னும் வினாவையும் சேர்த்துக் கேண்மின். விடை கூறுவார்க்குச் சிறிது பொழுது கொடுமின். கூட்டத்தில் வாய்திறவாது நடந்து வருபவரிடத்து அவ்வினாவை முதலிற் கேட்டல் சாலச் சிறந்தது. பிறர் எவரும் காணாத ஒன்றை அவர் கண்டிருத்தல் கூடும்.