விளக்கீட்டுச் சரங்களும் வீட்டு மின்சாரமும்

கார்த்திகை விளக்கீடு எமது நாட்டிலே மழையோடு வருகின்ற திருநாள். வடகீழ்ப் பருவ மழை முற்றத்தை நனைத்துவிட்டுச் சற்றே ஓயும் வேளை பார்த்து, வாசலில் வாழைக்குற்றி நாட்டி, அதன் தலையிலே சிட்டி வைத்துத் திரியேற்றும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. ஆனால் அச்சிட்டி விளக்கிற்குத் துணையாக இப்பொழுது படலை முதல் முகடு வரை மின்விளக்குச் சரங்களும் தொங்குகின்றன. தீபாவளி, விளக்கீடு, திருவெம்பாவை, பொங்கல் என ஐப்பசி தொடக்கம் தை வரை நீளும் இத்திருநாட் காலமே நிலம் ஈரமாய்க் கிடக்குங் காலமும் ஆகும். அந்த ஈரத்திலே நாம் வெறுங்காலுடன் நடக்கின்றோம். எண்ணெய் விளக்கு அவிந்தால் அவிந்ததே. மின்சரம் அவ்வாறன்று. இக்கட்டுரையில் நாம் கூறப் புகுவது பெரும்பாலும் இவ்வொரு வேறுபாட்டைப் பற்றியதே.

எமது தலைமுறையினர்க்கு இதனை அறிந்துகொள்ளுதல் சற்றுக் கடினமாயிற்று. 1990 ஆம் ஆண்டு முதற் பல்லாண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டுச் செய்த விளக்கின் முன் அமர்ந்து பாடம் படித்தோம். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் உதவியால் வானொலி கேட்டோம். அந்த டைனமோ தருவது ஏறக்குறைய 6 வோல்ற்றே. அதன் கம்பிகளைப் பல்லாற் கடித்துத் தோலுரித்தோம், ஈரக்கையால் முடிச்சிட்டோம், ஒருவருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை. மின்சாரம் மீண்டபின் வந்த முதலாவது விளக்கீட்டுக்குச் சந்தையிலே சரமொன்று வாங்கினோம். அதன் குமிழ்களும் 6 வோல்ற்றுக் குமிழ்களே. பழகிய சரக்கு என்று எண்ணிக்கொண்டோம்.

மழைவிட்ட மாலையிலே படலையிற் கட்டிய அச்சரம் திடீரென அவிந்தது. பிளக்கைக் கழற்றாமலே, நனைந்த மணலில் நின்றபடி, பழுதான குமிழ் எதுவெனத் தேடி ஒவ்வொன்றாகத் திருகினோம். ஒரு குமிழ் கழன்று கையோடு வந்தது. விரல் அதன் பிடிக்குள்ளே பட்டது. அடுத்த கணம் நாம் வேலியோரத்திற் கிடந்தோம்; தோள்வரை கை மரத்துப் போயிருந்தது. ஓடிவந்த ஆச்சி எம்மைத் தடவிப் பார்த்து, உயிர் இருக்கின்றதென்று தெளிந்தபின் கேட்ட கேள்வி இது: "அவிஞ்ச விளக்கு எப்பிடியடா அடிச்சது?"

ஆச்சியின் கேள்வி பௌதிகவியல் வினாத்தாளில் இடம்பெறத் தக்கது. 40 குமிழ்கள் தொடராக இணைக்கப்பட்ட சரத்திலே, வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்று அந்நாற்பதுக்கும் பங்கிடப்படுகின்றது. ஒரு குமிழின் பங்கு 6 வோல்ற்றினுஞ் சிறிது குறைவு. ஆனால் இப்பங்கீடு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும் வரையிலேதான். தோட்டத்து வாய்க்காலிலே நீர் ஓடும்போது மட்டம் படிப்படியாகத் தாழ்ந்து செல்லும். இடையிலே மண்ணிட்டு மறித்தால், மறித்த இடம் வரைக்கும் நீர் ஒரே மட்டமாக ஏறி நிற்குமன்றோ! அதுபோல, ஒரு குமிழின் இழை அறுந்து ஓட்டம் நின்றவுடன், உயிர்க்கம்பியிலிருந்து அறுந்த இடம் வரையுள்ள பகுதி முழுவதும் 230 வோல்ற்றில் நிற்கின்றது. ஒளிரும் சரத்தைத் தொடுவதும் ஆபத்தே. எனினும், ஒளிரும் சரத்தை எவரும் திருகுவதில்லை. அவிந்த சரத்திலேயே எல்லோரும் கை வைக்கின்றனர். சுவரிலுள்ள ஆளியை மூடினாற் போதும் என்பாரும் உளர். வயரிங் செய்தவர் ஆளியை உயிர்க்கம்பியில் இடாது நொதுமற் கம்பியில் இட்டிருந்தால், ஆளி மூடிய பின்னும் சரம் முழுவதும் உயிர்ப்புடனேயே இருக்கும். ஆதலால், பிளக்கைக் கழற்றிக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டே சரத்தைத் தொடவேண்டும்.

இனி, உருகி இருக்கின்றதே, அது காவாதா என்பது அடுத்த ஐயம். உருகி வீட்டின் கம்பியைக் காப்பதற்கென அமைந்தது; மனிதரைக் காப்பதற்கன்று. 5 அம்பியர் உருகி 5,000 மில்லி அம்பியர் வரை வாளாவிருக்கும். மனித உடலோ 1 மில்லி அம்பியர் அளவிலேயே மின்சாரத்தை உணரத் தொடங்குகின்றது. 10 மில்லி அம்பியரைத் தாண்டும்போது தசைகள் இறுகிப் பற்றிய கம்பியை விடமுடியாது போகலாம். 50 முதல் 100 மில்லி அம்பியர் வரையான ஓட்டம் சில கணம் மார்பினூடு சென்றால் இதயத்தின் துடிப்பே குலைந்துவிடக்கூடும். நனைந்த உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்ளின், 230 வோல்ற்று அதனூடு செலுத்துவது 230 மில்லி அம்பியர். நாம் பிழைத்தது, விரல் பட்ட வேகத்தில் உதறி எறியப்பட்டமையாலேயே. கைப்பிடிக்குள் கம்பி அகப்பட்டிருந்தால் இக்கட்டுரையை வேறொருவரே எழுதவேண்டி வந்திருக்கும்.

மனிதரைக் காப்பதற்கென அமைந்தது, இன்று எல்லோரும் 'ட்ரிப் சுவிச்' என வழங்கும் பொறியாகும். உயிர்க்கம்பி வழியே சென்ற ஓட்டமும் நொதுமற் கம்பி வழியே மீண்ட ஓட்டமும் சமமாயுள்ளனவா என அது இடைவிடாது ஒப்பிடுகின்றது. ஒருவருடைய உடலினூடு ஒரு பகுதி நிலத்துக்கு ஒழுகினால் கணக்குப் பிழைக்கும். வேறுபாடு 30 மில்லி அம்பியரை எட்டுமுன்னரோ எட்டியவுடனேயோ, ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள், அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு ஏற்றது இந்த 30 மில்லி அம்பியர் வகையே. அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானைத் திருநாளுக்கு முன்னர் அழுத்திப் பார்த்தல் வேண்டும்; அழுத்தியும் விழாத பொறி சுவருக்கு அலங்காரமே. ஒரு குறையும் அதற்குண்டு. ஒருவர் ஒரு கையில் உயிர்க்கம்பியையும் மறு கையில் நொதுமற் கம்பியையும் பற்றி, நிலத்துடன் தொடுகையின்றி நின்றால், அவரையும் அது ஒரு மின்குமிழாகவே எண்ணிக்கொள்ளும்.

முற்றத்து நிலைமையைச் சற்று நோக்குவோம். வாழைமரத்திற் சரத்தைச் சுற்றுதல் திருமண வீடுகளிலும் காணும் வழக்கம். வாழைத்தண்டு பெரும்பாலும் நீரே. அதுவும் ஈர நிலத்தில் நாட்டப்பட்ட நீர். தோல் கீறிய கம்பியொன்று அதிற் பட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்க எளிய வழி கிடைக்கின்றது. இரும்புப் படலையும் துணி உலர்த்தும் கொடிக்கம்பியும் தகரக் கூரையும் இதனினுங் கொடியவை. காற்றில் ஆடும் சரம் படலையில் உராய்ந்து உராய்ந்து தோலை இழக்கும். பின்னர்ப் படலையைத் திறக்க வருகின்றவர் விருந்தினராகவும் இருக்கலாம், பத்திரிகை போடும் பையனாகவும் இருக்கலாம். மூட்டுக்களைப் பொலித்தீன் பையாற் சுற்றிக் கட்டுவோர் பலர். பையின் வாய் மேனோக்கியிருந்தால் அது மழைநீர் நிரப்பும் குடமாகிவிடும். மூட்டுக்களையும் பிளக்குகளையும் விறாந்தையின் கூரைக்கீழே வைத்து, வெளியிற் பாவிப்பதற்கெனச் செய்யப்பட்ட சரத்தை மாத்திரம் முற்றத்துக்கு நீட்டுதலே தகும்.

இழைக்குமிழ்ச் சரங்கள் அருகி, எல்.ஈ.டி. சரங்கள் பெருகியுள்ள காலம் இது. அவை அதிகம் சூடேறுவதில்லை, செலவும் சொற்பம். ஆயினும் அவற்றுள் மலிவானவை பல வீட்டு மின்சாரத்துடன் நேரடியாகவே இணைகின்றன. பிளக்கின் அருகிலுள்ள சிறு பெட்டி மினுக்குவதற்கேயன்றி வோல்ற்றளவைக் குறைப்பதற்கன்று. வோல்ற்றளவை 24 அல்லது அதனினுங் குறைவாக இறக்கித் தருவதென அடப்ரரில் எழுதப்பட்ட சரமே முற்றத்துக்கு உகந்தது. அந்த அடப்ரரும் நனையாத இடத்திலிருத்தல் வேண்டும். சூரிய ஒளியாலும் பற்றறியாலும் இயங்குவன எமது பழைய டைனமோவின் இனத்தைச் சேர்ந்தவை.

பழைய சரம் வைத்திருப்போர்க்கு ஒரு சொல். எரிந்த குமிழை நீக்கி, அதன் பிடியில் ஈயத்தாளைச் செருகி ஓட்டத்தைத் தொடுக்கும் கைவேலையை விடுதியிலே நாமும் செய்திருக்கின்றோம். 40 குமிழ்களிற் பத்தை அவ்வாறு நீக்கினால், எஞ்சிய முப்பதில் ஒவ்வொன்றும் 7½ வோல்ற்றுக்கு மேல் ஏற்கும். வெப்பமும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அருகே சோடனைக் கடதாசி இருந்தால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

யாரேனும் மின்சாரத்தில் அகப்பட்டால் அவரைக் கையாற் பற்றி இழுத்தல் ஆகாது. இழுப்பவரும் உடன் அகப்படுவார். முதலிற் பிரதான ஆளியை மூடுதல் வேண்டும். அது தொலைவிலிருந்தால், உலர்ந்த பலகையில் நின்று உலர்ந்த தடியாற் கம்பியை விலக்கலாம். மூச்சில்லையேல், ஒருவர் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தத் தொடங்கவேண்டும். வண்டி வந்து சேரும்வரை நிறுத்தலாகாது.

திருநாள் முடிந்ததும் ஈரத்துடன் சுருட்டிப் பரணிற் போட்ட சரத்தை எலிகள் ஓராண்டு முழுவதும் ஆராய்கின்றன. அடுத்த ஐப்பசியிலே அதனை எடுக்கும்போது, பிளக்கைச் செருகுமுன் பகல் வெளிச்சத்தில் முழு நீளத்தையும் விரித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தல் வேண்டும். செம்பு தெரிந்த சரத்தை எம்வீட்டில் ஒட்டுப்போடுவதில்லை; வெட்டி எறிந்துவிடுகின்றோம்.