ஐரோப்பாவுக்கு அலங்காரப் பொருள் ஏற்றுமதி: எதற்கு எந்தச் சான்று?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எப்பொருளை அனுப்பினாலும் "சீ.ஈ. சான்றிதழ்" அவசியம் என மாணவர்கள் எழுதிவிடுவதுண்டு. இது தவறாகும். வீட்டு அலங்காரப் பொருட்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரே சான்றிதழ் கிடையாது. பொருள் எதனால் ஆனது, எதற்குப் பயன்படுகின்றது என்பவையே தேவையைத் தீர்மானிக்கின்றன.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் உள்ள சிறு உற்பத்தியாளர் ஒருவர் ஜேர்மனிக்கு மூன்று பொருட்களை அனுப்புகின்றார் எனக் கொள்வோம்.

1. பனையோலைச் சுவர் அலங்காரம்: சீ.ஈ. குறியீடு தேவையில்லை, இடவும் கூடாது. எனினும், 2024 டிசெம்பர் 13 முதல் நடைமுறையிலுள்ள பொதுப் பொருட் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் பொருளில் அல்லது பொதியில் இருத்தல் வேண்டும். பொருளுக்குப் பொறுப்பாளர் ஒருவர் ஒன்றியத்துக்குள் இருத்தலும் வேண்டும். இறக்குமதியாளர் இப்பொறுப்பை ஏற்கலாம்.

2. கைத்தறித் தலையணை உறை: தோலில் நெடுநேரம் படும் துணிகளில் சில அசோச் சாயங்களை றீச் ஒழுங்குவிதி (2006) தடைசெய்கின்றது. இவை புற்றுநோயை ஏற்படுத்தக்கூடிய அமீன்களை வெளிவிடும். அத்தகைய ஒவ்வோர் அமீனின் அளவும் கிலோகிராமுக்கு 30 மில்லிகிராமை மீறக் கூடாது. ஆய்வுகூட அறிக்கை இதற்குச் சான்றாகும்.

3. வீட்டு மின்சாரத்தில் எரியும் மேசை விளக்கு: சீ.ஈ. குறியீடு கட்டாயம். இதனை அரச அலுவலகம் வழங்குவதில்லை. உற்பத்தியாளரே சோதனை ஆவணங்களைத் தயாரித்து, இணக்கப் பிரகடனம் செய்து இடுகின்றார். எஸ்.எல்.எஸ். குறியீட்டையோ இலங்கைக் கட்டளைகள் நிறுவனமே அனுமதிக்கின்றது. இவ்வேறுபாட்டை நினைவில் கொள்க.

பொதியும் கவனத்துக்குரியது. மரப்பெட்டியில் அனுப்பினால், மரத்தை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்குதல் போன்ற அங்கீகரிக்கப்பட்ட முறையில் பரிகரித்து, ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இட வேண்டும். அட்டைப்பெட்டிக்கு இது தேவையில்லை.

உற்பத்தித் தோற்ற உறுதிமொழி வேறானது. இது பாதுகாப்புக்கான சான்றன்று. தீர்வைச் சலுகைக்கான சான்று. இலங்கை 2010 ஆகஸ்டில் இழந்த ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை 2017 மே மாதம் மீண்டும் பெற்றது. 6000 யூரோவுக்கு மேற்பட்ட அனுப்புகைக்குச் சலுகை பெற, ஏற்றுமதியாளர் வர்த்தகத் திணைக்களத்தில் பதிந்திருத்தல் வேண்டும்.

தேவையற்ற சான்றுக்குச் செலவிட்டால் சிறு உற்பத்தியாளரின் இலாபம் குறையும். தேவையான சான்று இல்லையெனில் பொருள் துறைமுகத்தில் தடுக்கப்படலாம். ஆகவே, சாயமும் மூலப்பொருளும் வாங்குவதற்கு முன்னரே வாங்குநரிடம் தேவைகளை எழுத்தில் கேட்டுப் பெறுதல் சிறந்தது.

பயிற்சி வினா: சீ.ஈ. குறியீடு, உற்பத்தித் தோற்ற உறுதிமொழி ஆகியவற்றுக்கிடையிலான இரண்டு வேறுபாடுகளைத் தருக.