நிற்கும் கால்களுக்கு வல்லாரை உதவுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளிலும் வார்ப்படப் பட்டறைகளிலும், திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையிலும் நாளெல்லாம் நின்றபடி வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஷூ இறுக்கும், கெண்டைக்கால் கனக்கும். சிலருக்கு வருடங்கள் போகப்போக நரம்பு என்று நாம் சொல்லும் சிரை சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும்.

அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைகளில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறுகிறது. நடந்தால் கெண்டைத்தசை ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளும். நல்ல காலில் அழுத்தம் 30-க்கு அருகே இறங்கிவிடும். நின்றே இருந்தால் அத்தனை சுமையும் நுண் ரத்தக்குழாய்களான தந்துகிகள்மீது விழுகிறது. தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரான்தான். சுவரோ ஒரே செல் தடிமன். அதன் வழியே கசியும் நீர்தான் கால் வீக்கம். சிரை நோய் முற்றினால் கணுக்கால் தோல் கறுத்து, ஆறாத புண்ணாகும்.

ஞாபகசக்திக்கென்று நாம் துவையல் அரைக்கும் வல்லாரைக்கு இங்கே ஒரு வேலை உண்டு. அதிலுள்ள ஏசியாட்டிகோசைடு, ஏசியாட்டிக் அமிலம், மேடக்காசிக் அமிலம் ஆகியவை கொலாஜன் உருவாவதைத் தூண்டுவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். ரத்தக்குழாய்ச் சுவருக்கு உறுதி தருவது கொலாஜன். இச்சேர்மங்களைப் பிரித்தெடுத்த சாற்றை இத்தாலியில் பெல்காரோ, செசரோனே உள்ளிட்ட மருத்துவர்கள் சிரை நோயாளிகளுக்கு 30, 60 மில்லிகிராம் மாத்திரைகளாகக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு வெற்று மாத்திரை. 2001-ல் வெளியான முடிவுகளில், மருந்து சாப்பிட்டவர்களுக்குக் கணுக்கால் வீக்கமும் தந்துகிக் கசிவும் குறைந்திருந்தன.

எனக்கு இது நம்பிக்கை தரும் சான்று. முடிந்த தீர்ப்பு அல்ல. 2013-ல் மலேசிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 8 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பலன் தெரிகிறது, ஆனால் ஆய்வுகள் நடந்த விதம் சரிவரப் பதிவாகவில்லை, அதனால் எச்சரிக்கை தேவை என்றே எழுதினார்கள். சோதிக்கப்பட்டது அளவு நிர்ணயித்த சாறு. சந்தையில் வாங்கும் கீரைக்கட்டில் அந்தச் சேர்மங்கள் எவ்வளவு என்பது செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். துவையலைத் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

எந்தச் சாறும் எட்டு மணி நேர அழுத்தத்தை இறக்கிவிடாது. நின்று வேலை செய்வோர் இடையிடையே உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44-ஆம் பிரிவில் சொன்னது. சட்டம் மாறினாலும் அந்த இருக்கையைத் தொழிலாளர்கள் உரிமையோடு கேட்க வேண்டும். நிற்கும்போதே குதிகாலை உயர்த்தி இறக்கினாலும் கெண்டைத்தசை இயங்கும்.