லாரி லைசென்சும் முதல் முதலாளியும்



தாம்பரம் சண்முகம் சாலையிலோ, சேலையூர் கேம்ப் ரோட்டிலோ, குரோம்பேட்டையிலோ மளிகைக் கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. செங்குன்றம் மண்டிக்கு அரிசி எடுக்க வண்டி போகவேண்டும். டிரைவர் வரவில்லை. "அண்ணாச்சி, நான் ஓட்டிட்டுப் போறேன்" என்று கடைப்பையன் கையை நீட்டுகிறான். அவசரத்தில் நாமும் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

அதே பையன் ஓர் இரவு கடையடைக்கும் நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்கிறான்: "அண்ணாச்சி, ஹெவி லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன். எங்க சேர்ந்தா நல்லது?" இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டியது நம் கடமை. அவனுடைய பிழைப்பும் நம்முடைய சொத்தும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கின்றன.

லைசென்சு எடுக்கும் வழி

லாரி லைசென்சை எடுத்த எடுப்பில் வாங்க முடியாது. முதலில் இலகுரக வாகன லைசென்சு, அதாவது எல்.எம்.வி., எடுக்க வேண்டும். அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதை வைத்து ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். அதற்கு வயது 20. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வகுத்துள்ள வரிசை இது.

எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. படிப்பைப் பாதியில் விட்டுக் கடைக்கு வந்த பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தி. இருந்தாலும், வழிகாட்டிப் பலகையையும் பில்லையும் படிக்கும் அளவுக்கு எழுத்தறிவு அவசியம்.

விண்ணப்பத்தை 'சாரதி' இணையதளம் வழியாகப் போட வேண்டும். தாம்பரம் வட்டாரத்தினருக்கு டி.என்.11 அலுவலகம். மருத்துவரிடம் படிவம் 1-ஏ சான்று வாங்க வேண்டும். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழிந்தபின் ஓட்டிக்காட்டும் தேர்வுக்குப் போகலாம்.

கனரக வண்டிக்கு, அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்றும் வேண்டும். விதிப்படி அந்தப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் வண்டி ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக்கூடாது. "வகுப்புக்கே வரவேண்டாம், சான்று தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். சரக்கேற்றிய லாரி இறக்கத்தில் எப்படி இழுக்கும் என்பதைச் சான்றுத்தாள் கற்றுத்தராது. முறையாகப் பழக விரும்புவோருக்குக் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி நிலையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையமும் உள்ளன.

கனரக லைசென்சு ஐந்தாண்டு செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் இது மூன்றாண்டாக இருந்தது.

குட்டி யானைக்கு பேட்ஜ் வேண்டுமா?

நம் கடைகளில் அதிகம் ஓடுவது குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்ற சிறு வண்டிகள்தாம். "மஞ்சள் போர்டு வண்டிக்கு பேட்ஜ் இல்லாமல் ஓட்டினால் இன்சூரன்சு கிடைக்காது" என்ற பயம் நமக்கு நெடுநாளாக உண்டு. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்சு உள்ளவர் ஓட்டலாம். தனியாக பேட்ஜ் தேவையில்லை. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இதையே உறுதி செய்தது.

7,500 கிலோ என்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை; ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைப் பார்த்துக் கொள்ளுங்கள். அதற்கு மேற்பட்ட லாரிக்கு உரிய லைசென்சு இல்லாதவரை உட்கார வைப்பது குற்றம்.

சாவி கொடுத்தவரும் பொறுப்பாளி

லைசென்சு இல்லாமல் ஓட்டியவருக்கு அபராதம் ரூ.5,000. ஓட்டவிட்ட உரிமையாளருக்கும் ரூ.5,000 அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டியவன் 18 வயதுக்குட்பட்டவனாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை: உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து.

விபத்து நேர்ந்துவிட்டால் அபராதம் ஒரு பொருட்டே அல்ல. அடிபட்டவருக்கு இன்சூரன்சு கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூல் செய்யலாம் என்று 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் தீர்ப்பாகியுள்ளது. ஆயுள் முழுதும் சேர்த்த கடை ஒரே நாளில் கைமாறக்கூடும்.

இதே நீதிமன்றம் நமக்கு ஒரு கேடயமும் தந்திருக்கிறது. லைசென்சைப் பார்த்து, ஓட்டத் தெரிந்தவர்தானா என்று சோதித்து வேலைக்கு வைத்த உரிமையாளர்மீது பழி சுமத்த முடியாது என்று 2003இல் லெஹ்ரு வழக்கில் கூறியது. ஆகவே டிரைவர் யாராயினும் லைசென்சு நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். காலாவதித் தேதியைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.

முதல் வேலை எங்கே?

தாம்பரத்தைச் சுற்றி லாரி வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரகடம், மறைமலை நகர் தொழிற்சாலைச் சரக்கு, துறைமுகக் கன்டெய்னர், பார்சல் சர்வீஸ், கட்டட வேலைக்கு டிப்பர், தண்ணீர் லாரி என்று வழி பல. புது லைசென்சுக்காரன் பெரும்பாலும் அதிகப் பணம் சொல்லும் இடத்துக்கே ஓடுவான். இங்கேதான் நம் வியாபாரக் கணக்கு அவனுக்கு உதவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முதலாளி மாதம் ரூ.18,000 சம்பளமும் நாளொன்றுக்கு ரூ.250 படியும் தருகிறார். 26 நாளைக்கு மொத்தம் ரூ.24,500. இன்னொருவர் சம்பளம் தராமல் நடைக்கு ரூ.600 என்கிறார். நாளுக்கு இரண்டு நடை என்றால் 26 நாளில் ரூ.31,200, கேட்கும்போது இதுதான் இனிக்கும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாள், லோடு கிடைக்காத நாள் போக 18 நாள்தான் ஓடியது என்றால் கைக்கு வருவது ரூ.21,600. சாப்பாடும் அதிலிருந்துதான். மூட்டையின் விலை வேறு, கழிவு போக நிற்கும் விலை வேறு என்பது நமக்குத் தெரியாததா?

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நடைக்கூலி வாங்குபவன் இன்னொரு நடைக்காகத் தூக்கத்தை விற்கிறான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி கண் அயர்ந்தால் லாரி ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். பெருங்களத்தூர், வண்டலூர் நெரிசலில் அந்த 17 மீட்டருக்குள் எத்தனை உயிர்கள் இருக்கும்! 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது; 8 மணி என்னும் அளவு அங்கும் உண்டு.

வேலையில் சேருமுன் பையன் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியவை:

1. ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்சு, பெர்மிட், புகைச் சான்று எல்லாம் நடப்பில் உள்ளனவா? காட்டத் தயங்கும் இடத்தில் சேரக் கூடாது.
2. சம்பளம், படி எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதை எழுத்தில் தருவார்களா?
3. அபராதம், டீசல் குறைவு, பஞ்சர், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி ஆகியவை யார் தலையில்?
4. சம்பளம் பெறும் டிரைவருக்கான காப்பு இன்சூரன்சில் சேர்ந்துள்ளதா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் இ.எஸ்.ஐ. உண்டா?
5. ஒரிஜினல் லைசென்சைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? அப்படியானால் வேண்டவே வேண்டாம்.
6. முதல் சில மாதம் மூத்த டிரைவரோடு அனுப்புவார்களா?

ஆறாவது கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும் இடம், ஆயிரம் ரூபாய் குறைவாகத் தந்தாலும் நல்ல இடம்.

நாமே முதல் முதலாளி

இத்தனையும் சொல்லிவிட்டு நம் கடைக்குத் திரும்புவோம். அந்தப் பையன் லாரிக்குப் போகுமுன் ஓட்டிப் பழகும் ஓராண்டு நம்முடைய குட்டி யானையில்தான். ஆகவே அவனுடைய முதல் முதலாளி நாம்தான்.

750 கிலோ ஏற்றக்கூடிய வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 26 கிலோ அரிசிச் சிப்பம் 28 ஏற்றினாலே 728 கிலோ ஆகிவிடுகிறது. "இன்னும் பத்துச் சிப்பம் போடு, பக்கத்துலதானே" என்று நாம் சொன்னால், அளவு மீறுவதை அவன் நம்மிடம்தான் கற்கிறான். அதிகப் பாரத்துக்கு ரூ.20,000 அபராதம், மேற்பட்ட ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 என்பதும் நினைவிருக்கட்டும். இன்சூரன்சைத் தள்ளிப் போட்டால் காகிதம் முக்கியமில்லை என்று கற்கிறான். இரவு பதினொன்றுக்குக் கடையடைத்து, விடியற்காலை மூன்றுக்குக் கோயம்பேட்டுக்கு அனுப்பினால் தூக்கத்துக்கு மதிப்பில்லை என்று கற்கிறான்.

நல்ல முதலாளியிடம் ஓராண்டு இருந்தவன் அடுத்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை அறிந்திருப்பான். ஆகவே அவன் லைசென்சு எடுக்க விரும்பினால் தடுக்காதீர்கள். ஆள் போய்விடுவானே என்ற கவலை நியாயமானதுதான். ஆனாலும் பயிற்சிக்கு நேரம் கொடுங்கள், முடிந்தால் கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கொடுங்கள். நாளை நம் சரக்கை ஏற்றி வரும் லாரியை அவனே ஓட்டி வரலாம்.

அதுவரை, லைசென்சு கையில் இல்லாதவன் கை நீட்டினால் சாவி கல்லாப்பெட்டியிலேயே இருக்கட்டும்!