தசை மெலியும் நோய்: மருத்துவத் தாளில் உள்ள குறியீட்டைக் கவனியுங்கள்

மருத்துவமனை தரும் தாள்களில் நோயின் பெயரோடு ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் இருக்கக்கூடும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால், கைகால் தசைகள் நாளுக்கு நாள் மெலிந்துவரும் ஒருவரின் குடும்பத்தார் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனம் நோய்களை வகைப்படுத்திக் குறியீடு வழங்கியுள்ளது. ஐசிடி-10 எனப்படும் அதன் பத்தாவது பதிப்பில் ‘ஜி’ என்ற எழுத்து நரம்பு மண்டல நோய்களுக்கு உரியது. அதில் ஜி12.2 என்பது இயக்க நரம்பணு நோய். அதன் வகைகளில் அதிகம் காணப்படுவது ஏஎல்எஸ். இயற்பியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங்கிற்கு 1963-இல், அவரது 21ஆவது வயதில் கண்டறியப்பட்ட நோய் இது.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிவதால் தசை மெலிகிறது. சட்டைப் பொத்தான் போட முடியாது, நடக்கும்போது கால் தடுக்கும், பேச்சு குழறும். தொடு உணர்ச்சி பொதுவாகக் குறைவதில்லை.

இந்நோயை ஒரே இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய முடியாது. நரம்பு, தசை மின் சோதனைகளும் எம்ஆர்ஐ படமும் தேவைப்படும். அதுவரை ‘தசை மெலிவு’ என்று எம்62.5 குறியீட்டில் பதிவாகலாம். கழுத்தெலும்புத் தேய்மானம் என்று கருதப்பட்டால் எம்47 என்றிருக்கும். நோய் உறுதியாகாத நிலையில் அறிகுறியைப் பதிவு செய்வது முறைதான். உறுதியான பிறகும் பழைய குறியீடே தொடர்ந்தால்தான் சிக்கல்.

ஓர் எண் மாறினாலும் பொருள் மாறிவிடும். ஜி12.0 குழந்தைகளைத் தாக்கும் பரம்பரை நோய். அடுத்த பிள்ளை பெற எண்ணும் பெற்றோர் மரபணு ஆலோசனை பெற வேண்டும். ஏஎல்எஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வருவதில்லை. ஜி71.0 தசையிலேயே தோன்றும் வேறொரு நோய்.

இணையத்தில் தேடுவோர் ஜி12.21 என்றும் காணலாம். அது அமெரிக்கப் பதிப்பில் ஏஎல்எஸ்-க்கு மட்டும் உரிய எண். 2022 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பதிப்பில் இயக்க நரம்பணு நோயின் குறியீடு 8பி60.

மலேசியாவில் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கும், கடும் நோய்க் காப்புறுதிக்கும் விண்ணப்பிக்கும்போது இந்தத் தாள்கள் தேவைப்படும். குறியீடு மட்டுமே முடிவைத் தீர்மானிப்பதில்லை. நிபுணரின் அறிக்கையும் சோதனை முடிவுகளும் முக்கியம். எனினும் ஒரு தாளில் கழுத்தெலும்பு, மற்றொன்றில் நரம்பு என்றிருந்தால் கேள்விகள் எழும், காலம் கரையும். நோய் தொடங்கியபின் பலருக்குக் கிடைப்பது இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்தான்.

எனவே நிபுணரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நோய் உறுதியானதா, சந்தேகமா? அதன் முழுப் பெயர் என்ன? எல்லாத் தாள்களிலும் அதே பெயரும் குறியீடும் உள்ளனவா? மாறுபாடு இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டு, நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.